குறை தேடும் காது, லயிக்கும் காது

"அண்ணே, ஸ்டூடியோ ஹெட்போன் வாங்கினா பாட்டு இன்னும் நல்லா கேக்குமா?"

தேக்கா உணவங்காடி நிலையத்தில் தே தாரிக் ஆறுவதற்குள் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்களில் சிலர் வீட்டிலேயே பாடிப் பதிவு செய்கிறவர்கள். மற்றவர்கள் இளையராஜாவையும் ரகுமானையும் ராத்திரி முழுக்கக் கேட்கிறவர்கள். பெட்டியில் 'ஸ்டூடியோ' என்று போட்டிருந்தால் அது எல்லாவற்றுக்கும் மேல்படி, கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுத்தால் பாட்டு அந்த அளவுக்கு இனிக்கும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் பொது. முதலில் அந்த எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். ஸ்டூடியோ ஹெட்போன் ஒரு வேலைக்கு, ரசிக்கும் ஹெட்போன் இன்னொரு வேலைக்கு. இதில் மேல்படி, கீழ்ப்படி என்று எதுவும் கிடையாது.

சிராங்கூன் சாலை நகைக்கடையில் ஆசாரி கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு சங்கிலியின் பற்றவைப்பைப் பார்ப்பார். அதே சங்கிலியை வாங்க வந்த அம்மா கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார். லென்ஸ் வழியாகப் பார்த்து யாரும் நகையை ரசிப்பதில்லை. கண்ணாடியில் பார்த்து யாரும் பற்றவைப்பைச் சோதிப்பதும் இல்லை. பாட்டுக்கும் இந்த இரண்டு பார்வைகள் உண்டு.

யமஹா நிறுவனம் 1978-இல் என்எஸ்-10 என்ற ஸ்பீக்கரை வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகத்தான் வெளியிட்டது. வீடுகளில் அது எடுபடவில்லை. பேஸ் குறைவு, நடு ஸ்தாயி முகத்தில் அடிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் எண்பதுகளில் உலகெங்கும் மிக்சிங் மேசைகளின் மேல் அந்த வெள்ளைக் கூம்பு ஸ்பீக்கர்தான் உட்கார்ந்திருந்தது. காரணம் எளிது. பாடகர் குரலும் கிட்டாரும் வயலினும் இடித்துக்கொள்ளும் இடம் நடு ஸ்தாயிதான், அங்கே இருக்கும் குறையை அது மறைக்காமல் காட்டியது. அதில் கேட்கும்படி ஒரு பாட்டைச் சரிசெய்துவிட்டால் காரிலும் ரேடியோவிலும் நன்றாகவே கேட்கும் என்ற நம்பிக்கை ஒலிப்பொறியாளர்களிடம் வளர்ந்தது. 2001-இல் யமஹா அதன் தயாரிப்பை நிறுத்திய பிறகும் பழைய ஜோடிகளைத் தேடி வாங்கினார்கள். ஸ்டூடியோ ஹெட்போனிடம் எதிர்பார்க்க வேண்டியதும் இதே குணம்தான்: உண்மையைச் சொல்ல வேண்டும், தினமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும்.

ஸ்டூடியோவுக்குள்ளேயே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று பதிவு, மற்றொன்று மிக்சிங், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலப்பது. பதிவுக்கு மூடிய வகை வேண்டும், அதாவது காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருப்பது. ஒலி 96.8 போன்ற வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் மைக்கின் முன் அமர்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் தலையிலிருந்து சத்தம் வெளியே கசிந்தால் அது மைக்குக்குள் போய்விடும். வீட்டில் பாடிப் பதிவு செய்கிறவருக்கும் இதே கதைதான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். திறந்த வகை ஹெட்போன் போட்டுக்கொண்டு தாளத்துக்காக கிளிக் ஓடவிட்டுப் பாடுகிறீர்கள். பாடும்போது எதுவும் தெரியாது. பல்லவி முடிந்து கடைசி கார்வை மெல்லத் தேய்கிற இடத்தில், பின்னணி வாத்தியங்களை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். குரலுக்குப் பின்னால் 'டிக், டிக்' என்று கேட்கும். கார்வையைக் காயப்படுத்தாமல் அதைத் துடைத்தெடுப்பது மிகக் கடினம்.

மூடிய வகையிலும் ஒரு சங்கடம் உண்டு. காதை அடைத்துக்கொண்டால் நம் குரல் எலும்பு வழியாக நமக்கே கனத்துக் கேட்கும், சுருதி நழுவும். அதனால்தான் பாடகர்கள் பதிவின்போது ஒரு காதுக் கிண்ணத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிவைத்துப் பாடுகிறார்கள். அப்படித் தள்ளிவைக்கும்போது அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவது நல்லது.

இந்த வேலைக்கு உலகமெங்கும் ஓடிக்கொண்டிருப்பவை சில. சோனியின் எம்டிஆர்-7506 1991-இல் வந்தது. சுருள் வயரும் நீலப் பட்டையுமாக இன்றும் விற்பனையில் இருக்கிறது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் இரண்டும் அதே வரிசை. மிக்சிங்குக்குத் திறந்த வகையே பொருத்தம். கிண்ணத்துக்குள் காற்று அடைபடாததால் பேஸ் வீங்காது, வாத்தியங்கள் தனித்தனியாக நிற்கும். 1997-இல் வந்த சென்ஹைசரின் எச்டி 600 அதற்கு நல்ல உதாரணம். மிக்ஸ் செய்கிறவரும் அதை வைத்திருப்பார், வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவரும் வைத்திருப்பார்.

"அப்போ உண்மையைச் சொல்ற ஹெட்போன் எல்லாம் ஒரே மாதிரி கேக்கணுமே?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நம் காது மடலும் காதுக் குழாயும் சேர்ந்து சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைத் தாமாகவே தூக்கிக் கொடுக்கின்றன. எதிரே இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி இந்த ஏற்றத்தைப் பெற்றுத்தான் செவிப்பறைக்குப் போகிறது. ஹெட்போன் காதோடு ஒட்டியிருப்பதால் அந்த இயற்கை ஏற்றம் மாறிப்போகிறது. ஆகவே தயாரிப்பாளர் அதைக் கணக்கிட்டுத் தன் கருவிக்குள் வைக்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பதில் ஆளுக்கொரு கணக்கு. அதனால்தான் 'நேரான ஒலி' என்று சொல்லி விற்கும் இரண்டு ஹெட்போன்கள் இரண்டு விதமாகக் கேட்கின்றன.

ரசிப்பதற்கு எது பிடிக்கும் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவினரும், எந்த ஹெட்போன் ஒலிக்கிறது என்று சொல்லாமலேயே பலரைக் கேட்கவைத்தார்கள். ஒரு நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போன்ற ஒலியே பெரும்பாலோருக்குப் பிடித்தது. அதாவது பேஸ் சற்றுத் தூக்கலாக, மேல் ஸ்தாயி மெல்ல இறங்கிவர இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் பேஸை நெஞ்சும் கால்களும்கூட உணர்கின்றன, ஹெட்போனில் அது காதுக்கு மட்டுமே கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதல் பேஸை மனம் கேட்பதில் தப்பே இல்லை. ரசிப்பதற்கு வாங்குகிறவர் அதற்காகக் கூச்சப்படத் தேவையில்லை.

மேல் ஸ்தாயி கூர்மையான ஹெட்போன்களும் இருக்கின்றன, பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ போல. 'ஸ', 'ச' ஒலிகளின் சீறல், பாடகர் மூச்சு இழுப்பது, பாட்டை வெட்டி ஒட்டிய இடம் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். எடிட் செய்கிறவருக்கு இது வரம். ஆனால் வேலை முடித்து வந்து அதிலேயே மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டால் காது களைத்துவிடும்.

சிங்கப்பூரில் ஹெட்போனுக்கு ஒரு தனி முக்கியத்துவம் இருக்கிறது. நம்மில் பலர் வசிப்பது வீவக அடுக்குமாடி வீடுகளில். இரவு பத்தரைக்கு மேல் ஸ்பீக்கரைச் சத்தமாக வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அறையும் சிறியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3 மீட்டர் இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி அறைக்குள்ளேயே தேங்கும். நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பேஸ் காணாமல் போகும், சுவரோரம் போய் நின்றால் குமுறும். அந்த அறையில் ஸ்பீக்கரை நம்பி மிக்ஸ் செய்வதைவிட, பழகிய ஹெட்போனை நம்புவது பல நேரங்களில் சரியான முடிவு.

ஆனால் ஹெட்போனால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. ரஜினிகாந்த் நடிக்க, பெரும்பகுதி சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட 'ப்ரியா' 1978-இல் வந்தது. தமிழில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் படங்களில் ஒன்று அது. இசை இளையராஜா. அந்தப் பாடல்களை ஸ்பீக்கரில் கேட்டால் இடது பக்கத்து ஒலி இடது காதுக்கும் வரும், சற்றுத் தாமதித்து வலது காதுக்கும் வரும். அதனால் வாத்தியங்கள் நம் எதிரே ஒரு மேடையில் பரவி நிற்கும். ஹெட்போனில் இடதில் வைத்தது இடது காதோடு நின்றுவிடும், பாடகர் நம் நெற்றிக்குள் உட்கார்ந்துகொள்வார். ஹெட்போனில் மட்டுமே மிக்ஸ் செய்தால் இட வல அகலத்திலும் எதிரொலியின் அளவிலும் கணக்குத் தப்புவது இதனால்தான். முடித்த பாட்டை ஒரு சின்ன ஸ்பீக்கரிலும் கைப்பேசியிலும் காரிலும் ஒருமுறை போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றவர்களில் நம்மூர் நிறுவனமும் உண்டு. சிம் வோங் ஹூ 1981-இல் இங்கே தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் கணினிக்குக் குரல் கொடுத்து உலகப் புகழ் பெற்றது. அதே நிறுவனம் 2018-இல் சூப்பர் எக்ஸ்-ஃபை என்ற நுட்பத்தை வெளியிட்டது. கைப்பேசியால் உங்கள் முகத்தையும் இரு காதுகளையும் படமெடுத்து, உங்கள் காது வடிவத்துக்கு ஏற்ப ஒலியைத் தலைக்கு வெளியே நிறுத்தப் பார்க்கிறது அது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். படம் பார்க்கவும் ரசித்துக் கேட்கவும் இந்த நுட்பம் இதம். மிக்ஸ் செய்யும்போது மட்டும் இப்படிப்பட்ட வசதிகளை அணைத்துவிடுங்கள். பதிவில் இல்லாததைச் சேர்த்துக் காட்டும் எதுவும் அந்த வேலைக்கு உதவாது.

ரசிப்பதற்கு வாங்குகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, எங்கே உட்கார்ந்து கேட்கப்போகிறோம் என்பதுதான். எம்ஆர்டியில் என்றால் இரைச்சலைத் தணிக்கும் புளூடூத் வகை நல்லது. ரயிலின் உறுமலை அது குறைப்பதால் குறைந்த சத்தத்திலேயே பாட்டைக் கேட்க முடியும். வீட்டில் ராத்திரி தனியாக என்றால் திறந்த வகையைப் போல் சுகம் வேறு கிடையாது, ஆனால் பக்கத்தில் தூங்குகிறவருக்கும் அது கேட்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தைகள் வியர்வையில் ஊறி உரிந்துவிடும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெல்வெட் போன்ற துணி மெத்தை நீண்ட நேரத்துக்கு இதமாக இருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் ஓம் எண்ணையும் பாருங்கள். எச்டி 600-க்கு 300 ஓம். டிடி 770 ப்ரோவில் 80, 250 என்று வகைகள் உண்டு. இந்த எண் பெரியதாக இருந்தால் கைப்பேசியில் சத்தம் போதாமல் போகலாம், தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும். பதிவுக்குப் புளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரணமாக அதில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தில் தாளம் நிற்காது.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. சிட்டி ஹால் பக்கம் போனால் ஆடியோ கடைகளுக்குப் பேர்போன அடெல்ஃபி. போட்டுப் பார்க்க விடும் கடையாகப் பார்த்துப் போங்கள். கடைக்காரர் போடும் பாட்டை நம்பாமல், உங்களுக்கு மனப்பாடமான பதிவைக் கொண்டுபோங்கள். நான் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைக் கொண்டுபோகச் சொல்வேன். தொப்பிப் பக்கம் ரவை அப்பியிருப்பார்கள், 'கும்' என்ற நாதம் அங்கிருந்துதான் வருகிறது. வித்வான் மணிக்கட்டால் அழுத்தி இழுக்கும்போது அந்தக் கும்காரம் மேலே வழுக்கிப் போகும். பேஸ் ஊதிய ஹெட்போனில் எல்லாக் கும்காரமும் ஒரே 'தொம்'மாகக் கேட்கும். நல்ல ஹெட்போனில் வழுக்கல் தெரியும், ஒவ்வொன்றும் எங்கே அடங்குகிறது என்பதும் தெரியும். வலந்தலையில் விழும் 'நம்' தெளிவாக இருக்க வேண்டும், கண்ணாடி உடைவது போல் குத்தக் கூடாது. பின்னால் தம்புராவின் ரீங்காரம் அறுபடாமல் ஓட வேண்டும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடியது எதுவும் நல்லதாகவே தோன்றும், அது காதின் இயல்பு.

ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது. பாடிப் பதிவு செய்கிறவர் என்றால் முதலில் மூடிய வகை ஸ்டூடியோ ஹெட்போன். கேட்க மட்டும் என்றால் 'ஸ்டூடியோ' என்ற எழுத்தை மறந்துவிட்டு, போட்டதும் பாட்டைக் கூட்டி வைத்துக் கேட்கத் தோன்றாததை வாங்குங்கள். குறைந்த சத்தத்திலேயே மனம் நிறைவதுதான் நல்ல ரசிப்புக்கு அடையாளம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. ஹெட்போன் பழுதானால் மெத்தையும் வயரும் மாற்றலாம். உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிரணுக்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

வாங்கிய பிறகு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டுகளை எல்லாம் அதில் கேளுங்கள். எங்கே பேஸ் கூட்டிச் சொல்கிறது, எங்கே 'ஸ'வை மிகைப்படுத்துகிறது என்பதைக் காது தெரிந்துகொள்ளட்டும். பெரிய ஒலிப்பொறியாளர்கள் நம்புவது கருவியின் விலையைவிட அதனோடு தங்களுக்குள்ள பழக்கத்தைத்தான். அந்தப் பழக்கம் எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை, பொறுமையாகக் கேட்கிற எவருக்கும் அது கைவரும்.