போனவர்களும் நின்றவர்களும்

ஒரு நகரத்தை விட்டு மக்கள் ஏன் போகிறார்கள்? பலரும் போன பின்னர் சிலர் மட்டும் ஏன் அங்கேயே நிற்கிறார்கள்? கேட்பதற்கு எளிய கேள்விகள்தாம். விடை அத்துணை எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில், மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் பெருநகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அவ்விடையை மாணவ நண்பர்களாகிய உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்க விரும்புகிறேன்.

2012ஆம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டுக் காலம் நான் அந்நகரத்தில் வசித்தேன். நான் குடியிருந்த தெருவில் பன்னிரண்டு வீடுகள். அவற்றுள் ஏழில் ஆளில்லை. அந்நாளில் நகரத்துத் தெருவிளக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு எரியவில்லை. என் எதிர்வீட்டில் எழுபது வயது கடந்த கறுப்பின மூதாட்டியார் ஒருவர் தனியே வாழ்ந்தார். மருத்துவத் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாள்தோறும் பொழுது சாய்ந்ததும் தம் வீட்டு வாயில் விளக்கை ஏற்றி வைப்பார். “நீங்கள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறீர்கள், அம்மா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “எல்லோரும் என்னைத்தான் காரணம் கேட்கிறார்கள், மகனே. போனவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லையே!” என்றார். எனக்கு நாணமாய்விட்டது. அன்று முதற்கொண்டு அக்கேள்வியின் இரு பக்கங்களையும் படிக்கத் தலைப்பட்டேன்.

முதலில் சில எண்களைக் காண்போம். 1900இல் டெட்ராய்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,85,000. 1950இல் அது 18,49,568. ஐம்பது ஆண்டுகளில் ஆறு மடங்குக்கு மேல் பெருகியது ஏன்? மோட்டார்த் தொழிலே காரணம். 1913இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில், வேலையாள் நின்ற இடத்தில் நிற்க, வண்டி அவனை நாடி நகர்ந்து வரும் முறை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் ஊதியம் என அந்நிறுவனம் அறிவித்தது. ஐரோப்பிய நாடுகளிலிருந்தும், தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்தும் மக்கள் திரள் திரளாக வந்தனர். வேலை அவர்களை அழைத்தது, அவர்கள் வந்தார்கள்.

பின்னர்க் கதை திரும்பியது. 2000இல் மக்கள்தொகை பத்து லட்சத்திற்குக் கீழே இறங்கியது. 2020இல் 6,39,111 பேரே எஞ்சினர். 1950இல் மூவர் இருந்த இடத்தில் இன்று ஒருவர் என்று சொல்லலாம்.

இதற்குக் காரணம் கேட்டால், 1967ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தைப் பலர் சுட்டுவர். அக்கலவரத்தில் 43 பேர் மாண்டனர் என்பது மெய். அச்சம் பலரை விரட்டியது என்பதும் மெய். ஆயினும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். 1960ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே நகரம் 1,79,000 பேரை இழந்துவிட்டது. கலவரமோ அதற்கு ஏழாண்டுகள் பிற்பட்டது. பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாதல் எங்ஙனம்? வரலாற்றறிஞர் தாமஸ் சுக்ரூ 1996இல் வெளியிட்ட நூலில் இதனை நன்கு விளக்கியுள்ளார். 1947க்கும் 1963க்கும் இடையே டெட்ராய்ட் ஏறத்தாழ 1,34,000 தொழிற்சாலை வேலைகளை இழந்தது. பழைய தொழிற்சாலைகள் மாடி மேல் மாடியாக எழுந்தவை. புதியனவோ ஒரே தளத்தில் பரந்து கிடக்க விரும்பின. அதற்குரிய நிலம் நகருக்கு வெளியேதான் கிடைத்தது. இயந்திரங்கள் ஆட்களின் இடத்தைப் பிடித்தன. ஊதியம் குறைந்த மாநிலங்களுக்கும் தொழில்கள் நகர்ந்தன. ஆக, மனிதர்கள் போவதற்கு முன்னரே வேலை போகத் தொடங்கிவிட்டது.

வேலையைத் தொடர்ந்து வெளியேறும் உரிமையாவது எல்லோருக்கும் இருந்ததா? இல்லை. கதையின் உள்முடிச்சு இங்கேதான் இருக்கிறது. 1934 முதல் கூட்டாட்சி அரசு வீட்டுக் கடன்களுக்குப் பொறுப்புறுதி அளித்து வந்தது. அதனால் சாதாரணத் தொழிலாளியும் சிறு முன்பணத்தோடு புறநகரில் புது வீடு வாங்க இயன்றது. ஆனால் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் கடனுக்கு ஆகாதவை என ஒதுக்கப்பட்டன. அரசு நிறுவனமொன்று வரைந்த நகரப் படங்களில் அப்பகுதிகள் சிவப்பு வண்ணத்தில் தீட்டப்பட்டிருந்தன. 1941இல், எட்டாம் மைல் சாலையை அடுத்து வெள்ளையருக்கென வீடுகள் கட்ட முனைந்த ஒருவர், பக்கத்திலிருந்த கறுப்பினக் குடியிருப்பைப் பிரித்து, ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்திற்குச் சுவர் எழுப்பினார். அந்தச் சுவர் எழுந்த பின்னரே அரசின் பொறுப்புறுதி கிடைத்தது! கறுப்பினத்தவருக்கு வீடு விற்பதில்லை என்னும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு உள்ளான வழக்குகளில் ஒன்று டெட்ராய்டிலிருந்து சென்றதே. ஆயினும் வழக்கம் சட்டத்தைப் போல் விரைந்து மாறவில்லை.

பெருஞ்சாலைகளும் இதற்குத் துணை போயின. புறநகரில் உறங்கி, நகரில் உழைத்துத் திரும்புதல் எளிதாயிற்று. அச்சாலைகளுக்கு இடம் வேண்டி, கறுப்பின வணிகர்களின் கடைவீதியாய் விளங்கிய ஹேஸ்டிங்ஸ் தெரு அழிக்கப்பட்டது. ஒருவர் வெளியேறும் வழி மற்றவர் வீட்டின் மீது போடப்பட்டது. 1968இல் வீட்டுரிமைச் சட்டம் வந்த பின்னர், வசதி பெற்ற கறுப்பினக் குடும்பங்களும் நல்ல பள்ளியையும் பாதுகாப்பையும் நாடிப் புறநகர் சென்றன. அவர்களை யார் குறை கூற முடியும்? தன் குழந்தைக்கு நல்லதை நாடாத தாயும் உண்டோ?

இனி, ஒவ்வொருவர் போவதும் மற்றவரைத் தள்ளும் விதத்தைப் பாருங்கள். டெட்ராய்டின் பரப்பு 139 சதுர மைல். மக்கள் மூன்றிலொன்றாய்க் குறைந்தாலும் நிலம் குறைவதில்லை. குடிநீர்க் குழாயின் நீளம் அதுவே. தீயணைப்பு வண்டி ஓட வேண்டிய தொலைவும் அதுவே. செலுத்துவோர் குறையவே வரி உயர்கிறது, பணிகள் தேய்கின்றன. அதைக் கண்டு மேலும் சிலர் போகிறார்கள். போவது அவரவர் முடிவு. அதன் செலவோ நிற்பவர் தலையில் விழுகிறது. 2013 ஜூலையில், ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடன்பட்ட அந்நகரம் திவால் மனுத் தாக்கல் செய்தது. ஓய்வு பெற்ற நகர ஊழியர்களின் ஓய்வூதியத்திலும் கை வைக்கப்பட்டது.

அப்படியாயின் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய நூலொன்றில் ஓர் அரிய கருத்தைக் கூறினார். ஓர் அமைப்பு சீர்குலையும்போது மனிதனுக்கு இரு வழிகள் உண்டு: வெளியேறுதல், குரல் எழுப்புதல். இவ்விரண்டில் எதைக் கொள்வான் என்பதில் பற்று என்னும் மூன்றாவது ஒன்றுக்கும் பங்குண்டு. டெட்ராய்டில் சிலர் போக இயலாமையால் நின்றனர். விற்றால் விலை போகாத வீடு அவர்களைக் கட்டிப்போட்டது. வேறு சிலரோ பற்றினால் நின்றனர். ஆளில்லா மனைகளின் புல்லைத் தாமே வெட்டினர். வெற்றிடங்களில் காய்கறி பயிரிட்டனர். நகர மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்டனர். கலைக்கூடத்தின் செல்வங்களை விற்றுக் கடன் தீர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது எதிர்ப்பு வலுத்தது. அறநிறுவனங்களும் மாநில அரசும் பொருளுதவின, கலைச்செல்வங்கள் தப்பின, ஓய்வூதிய வெட்டும் ஓரளவு தணிந்தது. டியேகோ ரிவேரா 1932–33இல் தீட்டிய தொழிலாளர் ஓவியங்கள் அக்கூடத்துச் சுவர்களில் இன்றும் உள்ளன.

2014 டிசம்பரில் நகரம் திவால் நிலையிலிருந்து மீண்டது. ஏறத்தாழ 65,000 புதிய தெருவிளக்குகள் 2016க்குள் நாட்டப்பட்டன. 1988இல் மூடப்பட்ட பெரிய ரயில் நிலையக் கட்டடம் 2024இல் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. 1957க்குப் பின் முதன்முறையாக, 2023ஆம் ஆண்டில் மக்கள்தொகை சிறிதே உயர்ந்ததாகக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிட்டது. இதைக் கொண்டு துன்பமெல்லாம் தீர்ந்தது என எண்ணிவிடலாகாது. நகரின் நடுப்பகுதியில் ஒளி மிகுந்தாலும், பல தெருக்களில் வெற்று மனைகள் இன்னும் உள்ளன. புதிதாய் வருவோரை வரவேற்கும் நகரம், இத்தனை காலம் நின்றவர்களை மறவாதிருக்குமா என்பதே இனி எழும் கேள்வி.

மாணவ நண்பர்களே! ஓர் ஊர் வெறுமையடைந்தது என்று கேட்டால், அவ்வூர் மக்களின் குணத்தைப் பழிக்க விரையாதீர்கள். வேலை எப்போது போயிற்று, போவதற்கு யாருக்கு வழி திறந்தது, யாருக்கு அடைபட்டது, போனவர் விட்ட செலவை யார் சுமந்தனர் என்று வரிசையாகக் கேளுங்கள். நான் தவறான கேள்வியிலிருந்து தொடங்கினேன். அம்மூதாட்டியார் அதைத் திருத்தினார். நான் விடைபெற்ற மாலையிலும், தெருவிளக்கு எரியாத அந்தத் தெருவில் அவர் வீட்டு வாயில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.