செஞ்சி யாருடையது?

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தனர். மராட்டியரின் இராணுவக் கோட்டைகள் என்ற தலைப்பில் ஏற்கப்பட்டவை 12. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்றே செஞ்சி. கௌரவம் கிடைத்ததென்று மகிழ்ந்தோரும் உண்டு. தமிழ்நாட்டுக் கோட்டைக்கு மராட்டியர் பெயர் எதற்கு என்று சினந்தோரும் உண்டு. இவ்வழக்கில் இரு தரப்பாரும் நிறையப் பேசினர். ஆனால் பேசியவருள் எத்தனை பேர் இராஜகிரியின் உச்சிவரை ஏறினவர் என்பது நமக்கு ஐயமே.

சொத்து வழக்கில் முதலில் கேட்கப்படுவது வில்லங்கச் சான்று. செஞ்சிக்கும் அப்படியொன்று உண்டு. அது கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. அதனை நேரில் வாசிக்கக் கருதி, நண்பர் நால்வருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பனி விலகுமுன் திண்டிவனத்திலிருந்து புறப்பட்டோம். திருவண்ணாமலைச் சாலையில் சுமார் 28 கிலோமீட்டர் சென்றதும், பெரும் பாறைகளை யாரோ கூடையிலிருந்து கொட்டியதுபோன்ற மூன்று குன்றுகள் தோன்றுகின்றன. இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் இம்மூன்றையும் ஒரே மதில் இணைக்கிறது. மதிலின் கனம் சிலவிடங்களில் 60 அடி. அதன் வெளியே 80 அடி அகலமுள்ள அகழி.

இராஜகிரியின் உயரம் சுமார் 800 அடிதான். இமயத்தைப் பற்றிப் படித்தவர்க்கு இஃது அற்பமாகத் தோன்றலாம். படிகளில் கால் வைத்த பின்னரே அதன் உண்மை விளங்கும். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். வளைவுக்கு வளைவு ஒரு வாயில். ஒவ்வொரு வாயிலிலும் மேலேயிருப்பவனுக்கு அநுகூலம், கீழேயிருப்பவனுக்கு ஆபத்து. கமலக்கண்ணியம்மன் கோயிலருகே நாம் இளைப்பாறுகையில், வெள்ளரிப் பிஞ்சு விற்ற மூதாட்டி ஒருவர், “சாமி, வர்றவங்க எல்லாரும் தேசிங்கு ராஜா செத்த எடம் எதுன்னுதான் கேக்குறாங்க. நீங்களும் அதுக்குத்தானே வந்தீங்க?” என்றார். “அதையும் பார்ப்போம் அம்மா” என்றோம். நம் ஜனங்களின் செஞ்சி ஞானம் முழுவதையும் அம்மூதாட்டி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து, 20 அடிக்கு மேற்பட்ட அகலமுள்ள பள்ளம் ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மீது ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் சில வீரர்களே ஒரு சேனையைத் தடுத்துவிடலாம். இவ்விடத்தில் நின்றபோதுதான் வில்லங்கச் சான்றின் வரிகள் நமக்குத் தெளிவாயின. கோனார் தலைவர்கள் முதலில் அரண் வகுத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. விஜயநகரத்தாரின் கீழிருந்த நாயக்கர்கள் அதனைப் பெருநகராக்கினர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஜப்பூரார் கைப்பற்றிப் பாதுஷாபாத் என்றழைத்தனர். 1677-இல் சிவாஜி மகாராஜா வென்று, மதில்களைப் புதுக்கி வலுப்படுத்தினார். அவர் குமாரர் இராஜாராம், தாயகத்தை மொகலாயர் சூழ்ந்துகொண்டபோது இங்கு வந்து கொலுவிருந்தார். மராட்டிய இராஜ்யமே சில ஆண்டுகள் இக்குன்றிலிருந்து நடந்தது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698-இல்தான் முடிந்தது. அதற்குள் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். ஆகவே மராட்டியர் பெயரைச் சூட்டியது பொய்யன்று. அவர் பெயர் மட்டுமே போதும் என்பதும் மெய்யன்று.

மொகலாயருக்கு எட்டாண்டு பிடித்த அதே கோட்டையை, 1750 செப்டம்பரில் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓரிரவில் பிடித்தார். மதில் மாறவில்லை, பாறை தாழவில்லை. உள்ளேயிருந்தவர் வெளியே நடந்த போரில் தோற்று, மனமுடைந்து ஓடிவந்த முகமது அலியின் படையினர். விடிந்தபின் தாம் ஏறிய செங்குத்தைக் கண்டு பிரெஞ்சுக்காரரே திகைத்தனராம். 1761-இல் இது ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

தேசிங்கின் கதைக்கு வருவோம். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்ட கப்ப பாக்கியைத் தர மறுத்து, 1714-இல் போர்க்களத்தில் மாண்ட அவ்விளைஞர் ஆண்டது ஓராண்டுகூட இல்லை. பிறப்பால் தமிழருமல்லர், புந்தேல ராஜபுத்திரர். எனினும் தமிழ்நாட்டுத் திண்ணைகள் அவரையே பாடின. அவருடன் மாண்ட தோழன் மோபத்துக்கானையும் மறவாமல் பாடின. குலமும் மதமும் விசாரியாமல் வீரத்தைத் தன்னதாக்கிக்கொண்ட அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள், இன்று கோட்டையின் பட்டாவுக்குச் சண்டையிடுவது நமக்கு வேடிக்கையாயிருக்கிறது.

வேடிக்கையல்லாததும் ஒன்றுண்டு. இறங்கிவந்து கல்யாண மஹாலைப் பார்த்தோம். சதுரமாய் அடுக்கடுக்காய் உயர்ந்து, கூம்பிய முடியுடன் நிற்கும் கட்டடம். மண்குழாய்களைக் கொண்டு மேலடுக்குகளுக்கு நீர் ஏற்றினராம். அதன் சுவரில் ஆணியால் கீறிய காதலர் பெயர்கள், கட்சிப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள்! முற்றுகையிட்ட பீரங்கிகள்கூட இத்துணைப் பொறுமையாகச் சுவரைக் கெடுக்கவில்லை. பாத்தியதை கோருவோர் முதலில் செய்யவேண்டுவது, தம் ஊர்ப் பள்ளிச் சிறுவரை ஒரு நாள் இங்கே அழைத்துவந்து, களஞ்சியமும் குளங்களும் சுனைகளும் எவ்வாறு ஒரு பட்டாளத்தை எட்டாண்டு உயிருடன் வைத்திருந்தன என்று காட்டுவதே. போகிறவர் முற்பகலிலேயே ஏறிவிடுக. தண்ணீர் உடன் கொண்டு செல்க. உணவுப் பொட்டலத்தைக் குரங்குகள் கண்ணில் படாமல் வைத்துக்கொள்க.

மாலையில் கீழ்க்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலுக்குச் சென்றோம். நாயக்கர் காலத்துப் பெருங்கோயில். ஆனால் தூண்கள் நிற்கவேண்டிய இடங்கள் பல வெறுமையாய்க் கிடக்கின்றன. ஒரே கல்லில் குடைந்த அத்தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டுபோயினர். அவற்றைக் காண விரும்புவோர் அவ்வூர்க் கடற்கரைக்குச் செல்லலாம். காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து அவை இன்றும் நிற்கின்றன.