விளையாட்டுக் கருவிகளில் நேரும் பழுதுகள்

வானொலிப் பெட்டியின் ஒலிக்குமிழைத் திருப்பும்போது ‘கரகர’வென்ற இரைச்சல் எழுவதை நம்மில் மூத்தவர்கள் பலரும் கேட்டிருப்பார்கள். நிலையம் சரியாகத்தான் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். ஆயினும் குமிழ் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் பெட்டி முனகும். அவ்விடத்தைத் தாண்டியதும் நாகசுரம் மறுபடி தெளிவாகக் கேட்கும். குமிழின் உள்ளே இருக்கும் கரிப்பூச்சு அந்த ஓரிடத்தில் தேய்ந்துபோனதே இதற்குக் காரணம். வானொலியின் பேச்சை மைசூரிலிருந்து தொடங்குவது பொருத்தமே. உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-ஆம் ஆண்டில் இந்நகரிலுள்ள தம் இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயரும் அந்த நிலையத்துக்கே முதலில் வழங்கிற்று.

அன்று நம் பாட்டனார் வீட்டுப் பெட்டியை முனகவைத்த அதே கரிப்பூச்சு இன்று வேறு வேடம் பூண்டு நம் குழந்தைகளின் கையில் இருக்கிறது. தொலைக்காட்சித் திரையில் ஆடும் விளையாட்டுக்கான கைக்கருவியில், கட்டைவிரலால் தள்ளுவதற்கென்று இரண்டு திசைக்குமிழ்கள் உண்டல்லவா? அவற்றைத் தொடாமலிருக்கும்போதே திரையிலுள்ள வீரன் தானாக இடப்புறம் நடக்கத் தொடங்குகிறான். ஓட்டப்பந்தயக் கார் நேரே போகாமல் வேலியில் மோதுகிறது. நேற்றுவரை ஒழுங்காக இருந்தது இன்று ஏன் இப்படி என்று பையன் திகைக்கிறான். “நீ முரட்டுத்தனமாகக் கையாண்டதன் பலன்” என்று தந்தையார் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்.

சாட்சியங்களை விசாரிக்காமல் வழங்கப்படும் இந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன். உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து மைசூரிலோ புணேயிலோ அகமதாபாத்திலோ குடியேறியிருக்கும் நம் குடும்பங்களில், இந்தக் கருவிக்கு விளையாட்டைக் கடந்த ஓர் இடம் உண்டு. புதிய பள்ளியில் கன்னடமோ மராத்தியோ நாவில் பழகும்வரை, மதுரையிலுள்ள அத்தை மகனோடு மாலைதோறும் இணையத்தின் வழியே பந்தாடுவதே சில சிறுவர்களுக்குக் கிடைக்கும் ஒரே தோழமை. ஆகவே கருவி பழுதுற்றால் பணம் மட்டும் நஷ்டமாவதில்லை. அதன்மேல் செய்யாத குற்றத்துக்கான வசையும் சேர்ந்தால் குழந்தையின் மனம் என்ன பாடுபடும்!

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குக் ‘கன்ட்ரோலர்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘கட்டுப்பாட்டு அலுவலர்’ என்று எழுதக் கை துடிக்கும். கோப்புகளில் அப்படித்தான் வரும். ஆனால் சிறுவன் கையிலிருப்பது அலுவலர் அன்று. வீடுகளில் வழங்குவதுபோல் கன்ட்ரோலர் என்றும், தொலைக்காட்சியின் அருகிலிருக்கும் பெட்டியைக் கன்சோல் என்றும் சொல்லிவிடுவோம்.

திசைக்குமிழின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு சிறு மின்தடைப் பகுதிகள் உள்ளன. ஒன்று இடவலத்தையும் மற்றொன்று மேல்கீழையும் அளக்கிறது. ஒவ்வொன்றிலும் வில்போல் வளைந்த ஒரு கரித்தடம். அதன்மேல் உராய்ந்து செல்லும் மெல்லிய உலோக நா ஒன்று. நா நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாறும். கருவியினுள் இருக்கும் சில்லு அந்த அழுத்தத்தை ஓர் எண்ணாகப் படிக்கிறது. சில கருவிகளில் இந்த எண் 0 முதல் 255 வரை இருக்கும். குமிழ் நடுவில் நின்றால் ஏறத்தாழ 128. குமிழை விட்டதும் சுருள்வில் அதை நடுவுக்குத் திருப்பிவிடும். பல நூறு மணி நேரம் ஆடிய பின் கரி தேய்கிறது. தேய்ந்த தூள் தடத்திலேயே படிகிறது. வில்லும் சற்றுத் தளர்கிறது. அப்போது நடுவில் நிற்கும் குமிழைச் சில்லு 128 என்று படிக்காமல் 140 என்றோ 115 என்றோ படிக்கும். யாரோ குமிழைத் தள்ளுகிறார்கள் என்று கன்சோல் நம்பிவிடும். வானொலியில் காதுக்குக் கேட்ட முனகல் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே வேற்றுமை.

இது முரட்டுச் சிறுவர்களின் கைவேலை அன்று என்பதற்கு உலகறிந்த சாட்சி இருக்கிறது. ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 2017-ஆம் ஆண்டில் சுவிட்ச் என்னும் கன்சோலை வெளியிட்டது. அதன் ‘ஜாய்-கான்’ கன்ட்ரோலர்கள் இவ்வாறு தானே நகர்வதாகப் பல நாடுகளிலிருந்தும் முறையீடுகள் எழுந்தன. 2020 ஜூன் மாதத்தில் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ புருகாவா வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு 2021 ஜனவரியில் ஏறத்தாழ 25,000 முறையீடுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்தின் முன் வைத்தது. உத்தரவாதக் காலம் கடந்தபின்னும் இப்பழுதை இலவசமாகச் சரிசெய்து தர அந்நிறுவனம் 2023-இல் ஐரோப்பாவில் ஒப்புக்கொண்டது. அத்தனை ஆயிரம் வீடுகளிலும் முரட்டுப் பிள்ளைகளே பிறந்திருக்க வேண்டும் என்று நினைக்க என் மனம் இடம் தரவில்லை.

உராய்வே இல்லாத வழியும் உண்டு. மின்னோட்டம் பாயும் கடத்தியின் அருகில் காந்தத்தைக் கொண்டுவந்தால் குறுக்குவாட்டில் ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும் என்று எட்வின் ஹால் என்னும் அமெரிக்க மாணவர் 1879-இல் கண்டறிந்தார். அந்தத் தத்துவத்தின்படி குமிழில் காந்தத்தையும் அடியில் உணரியையும் வைத்துவிட்டால், ஒன்றையொன்று தொடாமலே திசை தெரிந்துவிடும். தேய்வதற்குக் கரித்தடமே இல்லை. சேகா நிறுவனம் 1998-இல் வெளியிட்ட டிரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் இந்த முறை இருந்தது. இன்று ‘ஹால் எபெக்ட்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்கும் கன்ட்ரோலர்களும் இவ்வகையினவே. புதிதாக வாங்குவோர் அந்தச் சொற்களைத் தேடிப் பார்ப்பது நன்று.

கையிலிருக்கும் பழைய கன்ட்ரோலரை என்ன செய்வது? முதலில், பல விளையாட்டுகளின் அமைப்புப் பகுதியில் ‘டெட் சோன்’ என்று ஒன்று இருக்கும். நடுவிலுள்ள சிறு வட்டத்துக்குள் நேரும் அசைவைப் பொருட்படுத்தாதே என்று கூறும் கட்டளை அது. அதைச் சிறிது கூட்டினால், இளம் பருவத்திலுள்ள பழுது மறைந்துவிடும். அடுத்து, கருவியை அணைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு சுற்றிய குச்சியில் இலேசாக நனைத்து, குமிழின் அடிப்பாகத்தைச் சுற்றிலும் துடைத்து, நன்கு உலரவிடலாம். தூசியினால் வந்த கோளாறு இதனால் நீங்கும். தேய்மானத்தினால் வந்தது நீங்காது. பின்னதற்குக் குமிழ்ப்பகுதியையே மாற்ற வேண்டும். ஈயப்பற்று வைக்கத் தெரிந்தவர் கையில் அது சிறிய வேலை; தெரியாதவர் கையில் கருவியே பாழ். தேங்காய் எண்ணெய் விடுவோரும் உண்டு. வேண்டாம், எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும்.

கன்ட்ரோலர் கன்சோலுடன் இணையவே மறுக்கும்போது பலர் பதற்றத்தில் நான்கு காரியங்களை ஒரே நேரத்தில் செய்துவிடுகிறார்கள். பிறகு எதனால் சரியாயிற்று, எதனால் கெட்டது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் கம்பி. கைப்பேசியோடு வரும் மலிவான யூ.எஸ்.பி. கம்பிகள் சிலவற்றில் மின்சாரம் செல்லும் இழைகள் மட்டுமே உண்டு. செய்தி செல்லும் இழைகள் இரா. விளக்கு எரியும், சார்ஜ் ஏறும், கருவியோ கன்சோலோடு பேசாது. வேறு கம்பியிட்டால் தீர்ந்தது. இரண்டாவதாக, அந்தக் கன்ட்ரோலர் அண்மையில் வேறொரு கணினியோடு இணைக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். ப்ளூடூத் கருவி கடைசியாகக் கண்ட எஜமானனையே தேடும். பிளேஸ்டேஷன் 4, 5 ஆகியவற்றின் கன்ட்ரோலர் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். மெல்லிய கம்பியால் அதனுள் சில வினாடிகள் அழுத்தினால் பழைய உறவை மறந்துவிடும். பிறகு கம்பி வழியே கன்சோலோடு புதிதாக இணைக்கலாம்.

கன்சோலே உறைந்து நின்றாலும் வழியுண்டு. இக்கால எக்ஸ்பாக்ஸில் முகப்பு விசையை 10 வினாடிகள் அழுத்திப் பிடித்தால் முழுவதும் அணையும். சற்றுப் பொறுத்து மீண்டும் இயக்கலாம். பிளேஸ்டேஷனை அணைத்தபின் விசையை ஏறத்தாழ 7 வினாடிகள், இரண்டாம் ஒலி கேட்கும்வரை அழுத்தினால் ‘சேப் மோட்’ என்னும் பாதுகாப்பு நிலை வரும். அங்கே தகவல் தொகுப்பைச் சீரமைக்கும் வரி ஒன்றும், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் வரி ஒன்றும் அருகருகே இருக்கும். முன்னது விளையாட்டுகளை அழிக்காது. பின்னது பிள்ளை இரண்டாண்டு ஆடிச் சேர்த்ததையெல்லாம் துடைத்துவிடும். படித்துவிட்டு அழுத்துங்கள்.

திடீரென்று கன்சோல் தானே அணைந்துபோனால் முதலில் உஷ்ணத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதிலும் ஒரு பெரிய சரித்திரம் உண்டு. மைக்ரோசாப்ட் 2005-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலின் முகப்பில் மூன்று செந்நிற விளக்குகள் எரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அந்தப் பழுது மிகப் பரவவே, 2007 ஜூலையில் அதற்குரிய உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, செலவுக்கென்று 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கினார்கள். சூடேறியும் ஆறியும், சூடேறியும் ஆறியும், உள்ளுறுப்பின் நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போனதே காரணம் என்று 2021-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஆவணப்படத்திலேயே கூறினார்கள். இதற்கு மக்கள் கண்டுபிடித்த வைத்தியம் விசித்திரமானது. கன்சோலைத் துவாலையால் போர்த்தி இயக்கி வேகவைப்பது! சூட்டில் விரிந்த உலோகம் சிறிது காலம் ஒட்டும்; கன்சோல் உயிர்த்தெழும்; பிறகு முன்னிலும் விரைவில் சாகும். வீடு பற்றிக்கொள்ளவும் கூடும்.

1990-களில் வளர்ந்த நமக்கு மற்றொரு வைத்தியம் நினைவிருக்கும். மஞ்சள் நிறக் கேசட்டைப் பிடுங்கி, வாயருகே வைத்து ஊதி, மறுபடி செருகுவோம், விளையாட்டு வந்துவிடும். குணமளித்தது ஊதல் அன்று. பிடுங்கிச் செருகியபோது தொடுமுனைகள் புதிதாகப் பொருந்தியதே பலன். மூச்சின் ஈரம் முனைகளைக் களிம்பேறச் செய்யும். ஊதாதீர்கள் என்று நின்டெண்டோவே எச்சரித்தது.

மைசூர் வீடுகளில் கன்சோலைக் கண்ணாடிக் கதவிட்ட அலமாரியில், கொலுப் பொம்மைக்கு ஈடாக அலங்கரித்து வைப்பதைக் காண்கிறேன். பார்வைக்கு அழகு, கருவிக்கு மூச்சுத்திணறல். காற்று புகும் துளைகளும் வெளியேறும் துளைகளும் மறையாதபடி நாற்புறமும் ஒரு சாணளவு இடம் விட்டால் போதும். தசராவில் ஆயுத பூஜையன்று இந்நகரில் சைக்கிள் முதல் கணினி வரை எல்லாவற்றுக்கும் பொட்டிடுவார்கள். கன்சோலும் வரிசையில் சேர்ந்துவிட்டது. தாராளமாகப் பூஜை செய்யுங்கள். ஆனால் குங்குமத்தை மூடியின்மேல் வையுங்கள், துளைகளின்மேல் தூவ வேண்டாம்; கற்பூரம் காட்டும்போது மின்விசிறி சுழலாமலிருக்கட்டும். புகையையும் பொடியையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும்.

விடுமுறைக்குக் கன்சோலோடு ஊருக்குச் செல்வோர் குறுந்தகட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். சத்தியமங்கலம் வழியே கோவைக்குப் போகும் பஸ் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குகிறது. உள்ளிருக்கும் தகடு அத்தனை குலுக்கலையும் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

கன்ட்ரோலரின் முதுகு புடைத்து, மூடி பிரிந்துகொண்டு நின்றால் மட்டும் எந்தப் பரீட்சையும் வேண்டாம். உள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் வீங்கியிருக்கிறது. சார்ஜ் ஏற்றாதீர்கள், குத்தாதீர்கள், குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். கன்சோலின் மின்வழங்கிப் பகுதியையும் வீட்டில் திறக்கலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அங்கே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கடைக்குச் செல்ல நேர்ந்தால் மொழி ஒரு தடையாகத் தோன்றலாம். “கெட்டு ஹோகிதெ” என்றால் கெட்டுப்போயிற்று என்று பொருள். நம் ‘கெடு’வும் கன்னடத்தின் ‘கெடு’வும் ஒரு தாய் மக்கள். ஆயினும் அதை மட்டும் சொன்னால் கடைக்காரர் எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்குவார். எப்போது, எத்தனை நிமிடம் ஆடியபின், எந்தத் திசையில் நகர்ந்தது என்பதைச் சொல்லுங்கள். “தன்னஷ்டக்கெ தானே ஹோகுத்தெ” என்றால், தானாகவே போகிறது என்று அவருக்கு விளங்கிவிடும். கைப்பேசியில் அந்தக் காட்சியைப் படம்பிடித்துக் கொண்டுபோனால் எந்த மொழியும் தேவையில்லை.

உத்தரவாதக் காலத்துக்குள் விற்றவர் கைவிரித்தால், வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே ஒரு நல்ல ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் சட்டப்படி, விற்றவரின் தொழில் நடக்கும் இடத்திலோ வழக்குக்குரிய காரணம் எழுந்த இடத்திலோதான் வழக்கிட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீடு செய்பவர் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே வழக்கிட இடமளிக்கிறது. சென்னையில் வாங்கிய கன்சோலுக்கு மைசூரிலுள்ள மாவட்ட ஆணையத்தில் நீதி கேட்கலாம். 5 லட்ச ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்பாகத் தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசிப் பார்க்கலாம். அழைக்கும்போது வாங்கிய ரசீதும், கன்சோலின் பின்புறம் ஒட்டியுள்ள வரிசை எண்ணும் அருகில் இருக்கட்டும். ரசீதின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் தாளில் அச்சிடப்படுவதால், வாங்கிய அன்றே அதை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.