குரூப்புல தீர்ப்பு எழுதாதீங்க மக்கா!

குலசேகரத்துல பஸ் ஏறி பேச்சிப்பாறை அணையில இறங்குறதுக்குள்ள, உங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு கொலை வழக்கே முடிஞ்சிருக்கும். குற்றவாளி யாரு, காரணம் என்ன, தண்டனை என்ன... எல்லாம் ரெடி! கோர்ட்டு மட்டும் இன்னும் ஆரம்பிச்சிருக்காது.

சும்மா சொல்லலை. நம்ம மாவட்ட எல்லையில 2022 அக்டோபர்ல நடந்த கஷாயக் கொலை ஞாபகம் இருக்கா? கஷாயத்துல களைக்கொல்லி. குடிச்ச பையன் 11 நாள் போராடி இறந்துபோனான். சேனல்களும் ஃபேஸ்புக்கும் அந்தப் பெண், அம்மா, மாமா எல்லாருக்கும் அப்பவே தண்டனை கொடுத்தாச்சு. 2025 ஜனவரியில நெய்யாற்றின்கரை கோர்ட்டு என்ன சொல்லிச்சு? பெண்ணுக்கு மரண தண்டனை, மாமாவுக்கு 3 வருஷம். அம்மாவோ, ஆதாரம் போதலைன்னு விடுதலை! ஊர் எழுதின தீர்ப்பும் கோர்ட்டு எழுதின தீர்ப்பும் ஒண்ணா இல்லை பாருங்க.

அப்போ நெட்டுல குரல் கொடுக்கவே கூடாதா?

தாராளமா கொடுக்கலாம். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல, ஊரடங்கு நேரத்துல கடையைத் திறந்து வச்சிருந்ததா சொல்லிப் பிடிச்சுட்டுப் போன அப்பாவும் மகனும் இறந்தாங்க. ஒரு பாடகி இங்கிலீஷ்ல பேசின வீடியோ நாடு முழுக்கப் பரவிச்சு. ஹைகோர்ட் மதுரைக் கிளை தானாவே வழக்கைக் கையில எடுத்தது. ஆனா வழக்கைத் தாங்கிப் பிடிச்சது வீடியோ இல்லை. அதே ஸ்டேஷன்ல வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், மாஜிஸ்ட்ரேட் முன்னாடி தைரியமா சொன்ன சாட்சி. சத்தம் கதவைத் தட்டும்; உள்ளே போய் நிக்கிறது சாட்சிதான்.

இனி, கொஞ்சம் வலிக்கிற விஷயம். 2024 டிசம்பர்ல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல ஒரு மாணவிக்கு பாலியல் கொடுமை. அவங்க பேர், விவரத்தோட எஃப்.ஐ.ஆர். வெளியே கசிஞ்சுது. 'அநியாயம்'னு கொதிச்சவங்களே அதை ஃபார்வேர்டும் பண்ணாங்க! ஹைகோர்ட், 3 பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட குழுவை அமைச்சு, 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடும் தரச் சொல்லிச்சு. 2025 ஜூன்ல குற்றவாளிக்கு ஆயுள் தண்டனையும் கிடைச்சுது. ஆனா பரவின பேரை யாரால திரும்ப எடுக்க முடியும்?

பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவங்க அடையாளத்தை வெளியிட்டா, பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவுப்படி 2 வருஷம் வரை ஜெயில். 'நான் சும்மா ஃபார்வேர்டுதானே பண்ணேன்'னு சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீங்க.

உங்க போன்ல ஆதாரம் ஏதாவது இருக்கா? ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. ஒரிஜினலை அழிக்காம வச்சு, போலீஸ்லயோ வக்கீல்கிட்டயோ கொடுங்க. பேர், போட்டோ வந்தா உங்களோட நிறுத்திடுங்க.

பேச்சிப்பாறை ஷட்டரைத் திறந்துவிட்ட தண்ணி திரும்ப அணைக்கு ஏறாது மக்கா. ஃபார்வேர்டும் அப்படித்தான்!