100 பேர், மூன்று வட்டங்கள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் ஊர் திரும்பக் காத்திருக்கும் 100 பேரிடம் எங்கெல்லாம் போனீர்கள் என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணாமலையார் கோயிலுக்குப் போனவர்கள் 62, கிரிவலம் வந்தவர்கள் 70, ரமணாசிரமம் போனவர்கள் 30. (கணக்குக்காக நான் வைத்த எண்கள்.) கூட்டினால் 162! இரண்டு இடம் போனவர் இரண்டு தடவையும், மூன்று இடமும் போனவர் மூன்று தடவையும் எண்ணிக்கையில் ஏறிவிட்டார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பதுதான் வென்படம். ஒன்பதாம் வகுப்பில் 'கண மொழி' பாடத்தில் வருகிறதே, அதேதான். 18-ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஆய்லர் வட்டங்கள் வரைந்து தர்க்கம் விளக்கினார். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜான் வென் 1880-இல் வேறொரு வழி சொன்னார்: ஆள் இருக்கிறாரா இல்லையா என்று பார்க்காமல் எல்லாச் சேர்க்கைகளுக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கிவிட வேண்டும். மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டினால் உள்ளே ஏழு அறைகள், வெளியே ஒன்று.

இன்னும் சில விவரம் வேண்டும். கோயிலும் கிரிவலமும் 45 பேர், கிரிவலமும் ஆசிரமமும் 18, கோயிலும் ஆசிரமமும் 15, மூன்றும் 10. இனி நடுவிலிருந்து வெளியே வாருங்கள். நடு அறையில் 10. அந்தப் பத்துப் பேரும் 45-க்குள் இருப்பவர்கள்தான். ஆகவே கோயில்-கிரிவலம் அறையில் எழுத வேண்டியது 35. மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் 45 என்றே எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். மற்ற இரண்டு அறைகளில் 8, 5. கோயில் மட்டும் போனவர்கள்: 62-இல் 35, 5, 10 போக 12. அதேபோல் கிரிவலம் மட்டும் 17, ஆசிரமம் மட்டும் 7. ஏழு அறைகளையும் கூட்டினால் 94. மீதி 6 பேர் மூன்றுக்கும் போகாதவர்கள்.

சூத்திரமும் இதையே சொல்லும்: 162-இல் 45, 18, 15 மூன்றும் சேர்ந்த 78-ஐக் கழித்து, மூன்று இடமும் போன 10-ஐக் கூட்டினால் 94. ஆனாலும் படத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். ஏதாவது ஓர் அறையில் குறை எண் வந்தால், கணக்கெடுப்பிலோ கழித்தலிலோ பிழை என்று படம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சூத்திரத்தில் அது கண்ணில் படாமலே போகலாம்.

மூன்றுக்குப் பதில் நான்கு இடங்களைப் பற்றிக் கேட்டால் 16 அறைகள் வேண்டும். வட்டங்களால் அது முடியாது. வென்னே நீள்வட்டங்களுக்கு மாறினார்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகக் கணக்கோடு நிறுத்தாமல், ஆளுக்கொரு சீட்டில் மூன்று 'ஆம்/இல்லை' கேள்விகளுக்கு விடை வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்புங்கள். சீட்டுகளை எட்டுக் குவியலாக அவர்களே பிரிக்கட்டும். படத்தை அதன் பிறகு வரையச் சொல்லுங்கள்.