கையெழுத்துப் போடாத சங்கத்துக்கும் நடுவர் முன் இடம் உண்டா?

ஒரு மத்தியப் பொதுத்துறை ஆலையை எடுத்துக்கொள்வோம். பதவி உயர்வுக்கான பணிமூப்புப் பட்டியலில் தகராறு. பெரும்பான்மைச் சங்கமும் நிர்வாகமும் பேசி, தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம், பொதுவான நடுவர் ஒருவரிடம் விடலாம் என்று ஒப்பந்தம் போடுகின்றன. அதே ஆலையில் இரண்டாவது சங்கம் ஒன்றும் இருக்கிறது. அதன் உறுப்பினர்கள் பெரும்பாலும் பின்னாளில் வேலைக்கு வந்தவர்கள். பட்டியலை மாற்றினால் கீழே இறங்கப்போவது அவர்கள் பெயர்கள்தான். நடுவராக யாரைப் போடலாம் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் அவர்கள் கையெழுத்தும் இல்லை. விசாரணையில் அவர்கள் பேச முடியுமா?

முடியும். ஆனால் அந்த உரிமை தானாக வந்துவிடாது. அரசின் அறிவிப்பு ஒன்று வந்தால்தான் அது பிறக்கும்.

1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தில் இரு தரப்பும் விரும்பி நடுவரிடம் போவதற்கான 10ஏ பிரிவு 1956ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. வெளியே நிற்கும் சங்கத்துக்கு அப்போது அதில் இடமில்லை. 1964ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் குறையைக் கவனித்தது. ஒப்பந்தம் போட்டவர்கள் தத்தம் தரப்பில் பெரும்பான்மையின் பிரதிநிதிகள்தான் என்று அரசுக்குத் திருப்தி ஏற்பட்டால், அதை அறிவிப்பாக வெளியிடலாம். அறிவிப்பு வந்துவிட்டால், ஒப்பந்தத்தில் சேராவிட்டாலும் தகராறில் சம்பந்தப்பட்ட தொழிலாளர்களுக்கு நடுவர் முன் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்தே ஆகவேண்டும்.

இந்தச் சலுகை ஏன்? அந்த அறிவிப்பு வேறு என்னென்ன செய்கிறது என்று பார்த்தால் புரியும். அறிவிப்பு இல்லாத தீர்ப்பு கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அறிவிப்போடு வரும் தீர்ப்போ ஆலையின் எல்லாத் தொழிலாளரையும், நாளை வேலையில் சேரப்போகிறவரையும்கூடக் கட்டுப்படுத்தும். அந்தத் தகராறுக்காக ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைநிறுத்தத்தையும் அரசு தடைசெய்யலாம். இரண்டாவது சங்கத்தின் கையிலிருந்த ஆயுதம் போகிறது, தான் கேட்டு வாங்காத தீர்ப்பும் அதன் தலைமேல் வந்து விழுகிறது. அந்த இடத்தில் பேசும் உரிமையையாவது கொடுக்காமல் இருந்தால் அது அநியாயம். 1964இல் சட்டம் எழுதியவர்கள் இதைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

சங்கத் தலைவர்கள் அடிக்கடி தவறவிடும் நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. சட்டம் இந்த உரிமையைச் சங்கத்துக்கு என்று எழுதவில்லை, சம்பந்தப்பட்ட தொழிலாளர்களுக்கு என்றே எழுதியிருக்கிறது. சங்கம் அவர்களின் குரலாகத்தான் உள்ளே வருகிறது. "நாங்களும் பதிவுபெற்ற சங்கம்" என்ற ஒற்றை வரி மனு போதாது. எந்தப் பிரிவில், யாருக்கு, எந்தப் பாதிப்பு என்று காட்ட வேண்டும்.

உள்ளே வந்தாலும் அது ஒப்பந்தம் போட்ட தரப்பு ஆகிவிடாது. நடுவரை மாற்றச் சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் குறித்த கேள்விகளைத் தாண்டிப் புதுக் கோரிக்கை வைக்க முடியாது, சமரசம் வேண்டாம் என்று தடுக்கவும் முடியாது.

பெரும்பான்மைச் சங்கம் இதற்குச் சொல்லும் ஆட்சேபணையையும் கேட்க வேண்டும். "சந்தா வசூலித்து, வாயிற்கூட்டம் போட்டு, ஆள் சேர்த்து நாங்கள் அங்கீகாரம் பெறுகிறோம். கடைசி நேரத்தில் சிறு சங்கம் ஒன்று வந்து குட்டையைக் குழப்பலாமா?" இந்த வாதத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பு உண்டு. மத்தியப் பொதுத்துறை நிறுவனமான பாமர் லாரி வழக்கில், 1984இல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் பக்கம் நின்றது. மும்பையில் அந்தச் சங்கம் நிர்வாகத்தோடு செய்த உடன்பாட்டின்படி, தொழிலாளர்களுக்கு வரவேண்டிய நிலுவைத் தொகையில் ஒரு பங்கு சங்க நிதிக்குப் பிடித்தம் ஆனது. அங்கீகாரம் இல்லாத சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டது. மகாராஷ்டிரத்தின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கம் உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறது என்றது நீதிமன்றம். சங்கம் அமைக்கும் சுதந்திரம் வேறு, எல்லார் சார்பிலும் பேசும் உரிமை வேறு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது உடன்பாடு பற்றிய வழக்கு. பேரம் பேசும் மேசையில் ஒரே குரல் இருப்பது தொழிலாளருக்குப் பலம். நடுவர் முன்னால் நடப்பது பேரம் அல்ல, விசாரணை. மூத்தவரின் வாதத்தை மட்டும் கேட்டு இளையவரின் இடத்தை முடிவு செய்யும் நடுவர் பாதி வழக்கைத்தான் கேட்டிருக்கிறார். பணிமூப்புப் பட்டியலில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்கித்தான் ஆகவேண்டும். அங்கே இரு சாராருக்கும் ஒரே சங்கம் வாதாட முடியாது.

மத்திய அரசு ஊழியருக்கு நிலைமை இன்னும் இறுக்கம். 1966இல் தொடங்கிய கூட்டு ஆலோசனை அமைப்பில் ஊதியமும் படிகளும், வாராந்தர வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றுக்கு மட்டும் கட்டாய நடுவர் மன்றம் உண்டு. அங்கும் ஊழியர் பக்கத்தில் இடம் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத்தான்.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கமே அதன்படி பேச்சுவார்த்தைச் சங்கம். எந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு இல்லையென்றால், 20 சதவீதமாவது உள்ளவை சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழுவில் உட்காரும். அதாவது, ஒரு சங்கம் 51 சதவீதத்தை எட்டிவிட்டால் 45 சதவீதம் வைத்திருக்கும் சங்கம்கூடப் பேச்சுவார்த்தைக்கு வெளியே நிற்கும். நடுவர் முன் வாய்ப்பளிக்கும் பழைய ஏற்பாட்டைப் புதிய சட்டமும் வைத்திருக்கிறது. அந்த 45 சதவீதத்தினருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

நடைமுறையில் இந்த உரிமை பெரும்பாலும் கெட்டுப்போவது தகவல் வராததால்தான். பழைய சட்டப்படி நடுவர் ஒப்பந்தத்தை வெளியிடுவது வெறும் சடங்கல்ல, கட்டாயம் என்று கர்னால் லெதர் வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெளியிடாமல் தந்த தீர்ப்பு செல்லாது. ஆனால் வெளியாவது அரசிதழில். இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளி அரசிதழைப் புரட்டிக்கொண்டிருப்பாரா? ஆலை வாயில் அறிவிப்புப் பலகையில், அவர் படிக்கும் மொழியில் ஒட்ட எத்தனை செலவாகும்?

தெரிந்த அன்றே இரண்டாவது சங்கம் நடுவருக்கு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும், நகலை மண்டலத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் சேர்த்து, முத்திரையிட்ட ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும். குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, இத்தகைய நடுவரின் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ஆராயலாம். நடுவர் கேட்க மறுத்தார் என்று அங்கே போய் நிற்கும்போது, மனுவை எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்ற கேள்விக்கு அந்த ஒப்புகைச் சீட்டுதான் பதில்.