பள்ளிக்கூட ஃபீஸுக்கும் வரியா?

மே மாதக் கடைசியில் பிறந்த வீட்டுக்குப் போனால் நான் தவறாமல் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. டி. கல்லுப்பட்டி கடைவீதியில் புத்தகக் கடையில் எவ்வளவு கூட்டமோ, அவ்வளவு கூட்டம் அடகுக் கடையிலும் நிற்கும். தோடு, மூக்குத்தி, ஒற்றை வளையல்... கரிசல் காட்டுப் பருத்தியும் மக்காச்சோளமும் பணமாக இன்னும் நாள் இருக்கிறது. பள்ளிக்கூடமோ ஜூனில் திறந்துவிடும். நகை உள்ளே போனால்தான் பிள்ளை வகுப்புக்குள்ளே போக முடியும்!

இந்த முறை போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஓட்டமாக ஓடி வந்தாள். இரண்டு பிள்ளைகளையும் வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்புகிறவள்.

"மதினி, சேதி தெரியுமா? பள்ளிக்கூட ஃபீஸுக்கும் வரி போட்டுட்டாகளாம்ல! நூத்துக்கு இருபதாம்! இருக்கிற ஃபீஸே கட்ட முடியல, இதுக்கு மேல எங்கிட்டுப் போறது?"

எனக்கும் ஒரு நிமிஷம் பகீரென்றது. விசாரித்தால், சேதி உண்மைதான். ஆனால் நடந்தது இங்கே இல்லை, இங்கிலாந்தில்! அங்கே நர்ஸாக இருக்கும் யாரோ ஒருவர் மகள் போனில் சொன்னது, தெருத் தெருவாகக் கைமாறி நம் ஊர் சேதியாகிவிட்டது.

சாயந்திரம் மகளிர் குழு கூடியது. தவணைப் பணம் வசூலித்து நோட்டில் எழுதி முடித்ததும் பேச்சு இதில் போய் நின்றது. இருட்டும் வரை ஓயவில்லை. நாமும் கொஞ்சம் பேசலாமே!

இங்கிலாந்தில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு முன் அங்கேயும் விலக்குதான் இருந்தது. வசதியுள்ளவர்களிடம் வாங்கி அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களைக் கூடுதலாகப் போடுவோம் என்றது அரசு. பெற்றோர்களும் சில பள்ளிகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். மத வழியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர்கள், விசேஷ கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளின் தாய் தந்தையர் எல்லாம் அதில் இருந்தார்கள். 2025 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. கிரேக்க நாட்டின் கதை வேறு. 2015-ல் கடன் நெருக்கடியில் 23 சதவீதம் என்று சட்டம் போட்டார்கள். கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்து அதே வருஷம் கைவிட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் நிலவரம் என்ன? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாள் முதல், மழலையர் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை பள்ளி வாங்கும் கல்விக் கட்டணத்துக்கு வரி கிடையாது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பேதமும் இல்லை. பயப்பட வேண்டாம்! யாராவது 'ஜி.எஸ்.டி. சேர்த்து' என்று ஸ்கூல் ஃபீஸ் கேட்டால் கட்டாதீர்கள். ஆனால் நீட் பயிற்சி நிலையம் போன்ற பெரிய கோச்சிங் சென்டர்களுக்கு 18 சதவீதம் உண்டு. பக்கத்துத் தெரு டியூஷன் டீச்சரைப் போய் மிரட்ட வேண்டாம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சின்ன இடங்களுக்கு அது பொருந்தாது.

"போடட்டுமே, என்ன தப்பு?" என்று குழுவில் ஒரு குரல் எழுந்தது. அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற டீச்சரம்மா. "காசு உள்ளவுக எல்லாம் பிள்ளைகளை வேன்ல ஏத்திட்டா, நம்ம பள்ளிக்கூடத்துல ஓடு ஒழுகுதுன்னு கேக்க யாரு இருக்கா? தனியார் பள்ளிக்கு வரி விலக்குன்னா, அதுவும் அரசாங்கம் குடுக்கிற மானியம்தானே?"

சட்டென்று யாரும் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. பள்ளி நடத்தும் அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்குக் கிடைப்பதே லாபத்துக்கு நடத்தக் கூடாது என்ற நிபந்தனையில்தான். 2022 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும், கல்வி ஒன்றையே நோக்கமாகக் கொண்ட நிறுவனத்துக்குத்தான் அந்தச் சலுகை என்று கறாராகச் சொல்லிவிட்டது.

ஆனாலும் எனக்கு டீச்சரம்மாவோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. இங்கிலாந்தில் தனியார் பள்ளியில் படிப்பது நூற்றுக்கு ஏழு பிள்ளை போல. வருஷக் கட்டணம் 15 ஆயிரம் பவுண்டுக்கு மேல். அங்கே 'தனியார் பள்ளி' என்றாலே சீமான் வீட்டுப் பிள்ளை. நம் பக்கம் அப்படியா? காலையில் பேரையூர் ரோட்டில் நின்று பாருங்கள். வேனில் ஏறுகிற பிள்ளையின் அப்பா லாரி கிளீனராக இருப்பார், அம்மா காட்டு வேலைக்குப் போகிறவளாக இருப்பாள்.

ஒரு கணக்குப் போட்டோம். ஒரு பிள்ளைக்கு வருஷம் 24,000 ரூபாய் ஃபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச்சிங் சென்டருக்குப் போல 18 சதவீதம் போட்டால் 4,320 ரூபாய் கூடும். இரண்டு பிள்ளைக்கு 8,640. நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அப்படியானால் வரிக்கு மட்டுமே 26 நாள் வெயிலில் நிற்க வேண்டும்! பக்கத்து வீட்டுப் பெண் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "போங்க மதினி, மூக்குத்தியும் போயிரும்" என்றாள்.

இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்க நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1940-ல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இங்கேதானே இருக்கிறது! ஜே.சி. குமரப்பா 1950-களில் வந்து தங்கித் தம் கடைசி வருஷங்களைக் கழித்தது அங்கேதான். கதர் கட்டிய கிராமத் தொழில்காரராகத்தான் அவரைப் பலருக்கும் தெரியும். லண்டனில் ஆடிட்டர் படிப்பு முடித்து, அமெரிக்காவில் அரசாங்க வரவு செலவைப் பற்றியே படித்தவர் அவர். வெள்ளைக்காரன் ஏழையிடம் வாங்கிய வரி எங்கே போனது என்று புள்ளிவிவரத்தோடு ஆராய்ந்து எழுதினார். யார் தலையில் விழுகிறது, யாருக்குத் திரும்பி வருகிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு வரியை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது. பள்ளிக்கூட வரிக்கும் இதே பார்வைதான் வேண்டும்.

சரி, ஃபீஸுக்கு வரி இல்லை என்பதால் நாம் வரியே கட்டவில்லையா? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி என்று சேர்ந்திருக்கும். 1948-ல் வந்த நூலகச் சட்டம் அது. (அந்த நூலகத்துக்கு எத்தனை தாய்மார்கள் போகிறோம் என்று கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கிறது!) வீட்டுக்காரர் வருமான வரி கட்டுகிறவர் என்றால், அந்த வரியின் மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி மேல்வரி 2018-லிருந்து பிடிக்கிறார்கள். பாடப் புத்தகத்துக்கு வரி இல்லை. நோட்டுப் புத்தகம், பென்சில், கிரேயான் இவற்றுக்கு இருந்த 12 சதவீதம் 2025 செப்டம்பர் 22-ல் நீங்கியது. ரப்பருக்கும் இப்போது வரி கிடையாது. ஜாமெட்ரி பாக்ஸ் 12-லிருந்து 5 ஆனது. யூனிஃபார்ம் துணிமணி, ஷூ இரண்டுக்கும் 2,500 ரூபாய் விலை வரை 5 சதவீதம்.

கண்ணுக்குத் தெரியாத வரி ஒன்றும் ஃபீஸுக்குள் ஒளிந்திருக்கிறது. பள்ளி ஒரு வகுப்பறை கட்டுகிறது, சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. பெஞ்சு, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் உண்டு. ஒரு வியாபாரி என்றால், தான் விற்கும்போது வசூலிக்கும் வரியில் இதைக் கழித்துக்கொள்வார். பள்ளி வரி வசூலிப்பதில்லை, அதனால் கழிக்கவும் வழியில்லை. அந்தச் செலவு எங்கே போகும்? நம் ஃபீஸ் கார்டுக்குத்தான்!

ஆனால் சகோதரிகளே, குழுவில் பேசப் பேச ஒன்று வெளியே வந்தது. எந்த அரசாங்கமும் போடாத வரியைத்தான் நம் பெண்கள் அதிகமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 'கட்டிட நிதி', 'டொனேஷன்', 'ஆண்டு விழா', 'ஸ்மார்ட் கிளாஸ்'... ரசீது? துண்டுச் சீட்டு! பக்கத்து வீட்டுப் பெண் பெரியவனை ஒரு பள்ளியில் சேர்த்தபோது (பெயர் வேண்டாம்) 8,000 ரூபாய் கொடுத்திருக்கிறாள். கைக்கு ஒரு காகிதம்கூட வரவில்லை. தோடு அப்போது அடகுக்குப் போனதுதான், இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். 24,000 ஃபீஸில் 8,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு. இங்கிலாந்துக்காரன் போட்ட இருபது சதவீதம் என்ன பெரிசு!

இதற்குச் சட்டம் இருக்கிறது. நன்கொடை என்ற பெயரில் வசூலிப்பதைத் தடுக்க 1992-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2009-ல் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம். ஓய்வு பெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் ஒரு குழு ஒவ்வொரு பள்ளியின் வரவு செலவைப் பார்த்து, வகுப்பு வாரியாக இவ்வளவுதான் வாங்கலாம் என்று நிர்ணயிக்கிறது. அது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். அதற்கு மேல் வாங்குவது குற்றம். உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு என்ன நிர்ணயித்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் தைரியமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால், தனியார் பள்ளிகளுக்கென்றே இருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதிக் கொடுக்கலாம்.

ரசீது இன்னொன்றுக்கும் உதவும். பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவருக்கு, இரண்டு பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸை, இன்ஷூரன்ஸ் முதலிய சேமிப்புகளோடு சேர்த்து ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ள வழியுண்டு. வேன் கட்டணமும் நன்கொடையும் அதில் சேராது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது.

கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 25 சதவீத இடத்தையும் மறக்காதீர்கள். வருஷ வருமானம் 2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளை, வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் பள்ளியில் ஆரம்ப வகுப்பில் சேர்ந்தால் எட்டாம் வகுப்பு வரை அரசு கட்டணம் கொடுக்கும். இதில் ஒரு கஷ்டம். மத்திய அரசின் பணம் வரத் தாமதமாகி, 2025-ல் சேர்க்கை அக்டோபரில்தான் நடந்தது. ஜூனில் பிள்ளையை எங்கேயாவது சேர்த்து ஃபீஸும் கட்டிவிட்ட தாய்க்கு அக்டோபர் என்பது எத்தனை தூரம்!

டீச்சரம்மா கிளம்பும்போது சொன்னார்: "வரி வேணாம்னா சரி. எங்க பள்ளியையும் ஒரு தடவை வந்து பாருங்கடி." நியாயம்தானே? காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-ல் நம் மதுரை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில்தான் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் சின்னவளை அடுத்த வருஷம் அங்கே சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. 'நாலு பேர் என்ன சொல்வாக' என்கிறாராம்.

நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று காலையில் அவள் பெரியவனின் பள்ளிக்குப் போய்வந்தாள். முதல் தவணை ஃபீஸுக்கு அச்சடித்த ரசீது கையில் இருந்தது. இந்த வருஷக் கட்டிட நிதி 2,000 ரூபாயையும் ரசீது கொடுத்தால்தான் தருவேன் என்றாளாம்.

"என்னடி சொன்னாக?"

"மேனேஜர் இல்ல, அடுத்த வாரம் வாங்கன்னாக மதினி. ரெண்டாயிரத்த முந்தானையிலேயே முடிஞ்சு வச்சிருக்கேன்."